பத்தாயத்தில் ஒரு தேன்கூடு, அயினி மரத்தில் இன்னொன்று: கொல்லாமல் அகற்ற வழி உண்டா?

மேல்புறத்துக்காரன்:

வணக்கம். இதுவரை கேட்ட ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்லிவிட்டார்கள், அதனால் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது குமரி மாவட்டத்தில் மேல்புறம் பக்கம் பழைய ஓட்டு வீடு. நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு மட்டும்தான் ஊருக்கு வருவேன், மற்ற நாளெல்லாம் அம்மையும் அப்பாவும் தனியாக. பின் திண்ணையில் தாத்தா காலத்துப் பத்தாயம் ஒன்று கிடக்கிறது. அதில் நெல் போட்டே இருபது வருஷம் இருக்கும், உள்ளே பழைய சாக்கும் அறுந்த உறிக் கயிறும்தான். பின்பக்கப் பலகையில் எலி கடித்த ஓட்டை ஒன்று உண்டு. தீபாவளிக்கு வந்தபோது அதில் நாலைந்து தேனீ போய் வந்துகொண்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது பலகையில் காதை வைத்தால் தூரத்தில் லாரி ஏற்றம் ஏறுகிற மாதிரி இரைச்சல். போன வாரம் அம்மை பத்தாயத்தின் பின்னால் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுக்கப் போய் இரண்டு கொட்டு வாங்கினார், கை வீங்கி இரண்டு நாள் இருந்தது.

இது போதாதென்று எங்கள் விளையின், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தின், வடக்கு எல்லையில் நிற்கும் அயினி மரத்தில், ஒரு நாற்பது அடி உயரம் இருக்கும், முறம் அளவுக்குக் கருப்பாக ஓர் அடை தொங்குகிறது. வெளியே ஒட்டியிருக்கும் ஈக்கள் திடீர் திடீரென்று அலை மாதிரி அசைகின்றன, பார்த்தாலே உடம்பு கூசுகிறது. பக்கத்து விளை மாமா, "ராத்திரி தீப்பந்தம் கட்டிக் கொளுத்து, இல்லாவிட்டால் மரத்தை முறி" என்கிறார். பூச்சி மருந்து அடிக்கிற ஓர் ஆளைக் கூப்பிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து 3500 ரூபாய் கேட்டார், ஒரு மணி நேரத்தில் எல்லாம் காலியாம். செத்த ஈயும் அடையும் பத்தாயத்துக்குள்ளே கிடக்குமே, அதற்கு என்ன என்று கேட்டதற்கு, "அது உங்க வேலை சார்" என்றார்.

அப்பா கை வைக்கவே கூடாது என்கிறார், தானாக வந்த தேனீயைக் கொல்லுவது பாவம் என்பது அவர் கட்சி. ஏப்ரலில் மஸ்கட்டிலிருந்து அக்கா வருகிறாள், சின்னவனுக்கு நாலு வயது, ஒரு இடத்தில் இருக்க மாட்டான். இரண்டு கூடும் ஒரே ஜாதிதானா? கொல்லாமல் எடுக்க முடியுமா, எடுக்க யார் வருவார்கள்? மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன்: இந்த ஒரு கூட்டை அழித்தால் உலகத்துக்கு அப்படி என்ன நஷ்டம் வந்துவிடும்?

கருங்கல்காரன்:

ரொம்ப யோசிக்காதே மக்கா. மண்ணெண்ணெய், பழைய துணி, நீளமான மூங்கில் கம்பு, அமாவாசை ராத்திரி. நாங்கள் எங்கள் தென்னையில் அப்படித்தான் செய்தோம், தேனும் கிடைத்தது.

ரப்பர்விளை:

தம்பி, முதலில் அந்தப் பந்தத்தைக் கீழே வையுங்கள். பத்தாயம் மரம், மேலே கூரை மரம், பக்கத்தில் விறகு. ஈ சாகுமோ இல்லையோ, வீடு போய்விடும்.

குலசேகரம் பக்கம் எனக்கு எண்பது பெட்டி இருக்கிறது, அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஜாதி, இரண்டையும் ஒரே மாதிரி கையாளவே முடியாது. இருட்டான பொந்துக்குள், அடுக்கடுக்காகப் பல அடை கட்டி இருப்பது நம்முடைய இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். மார்த்தாண்டம் தேன் என்று 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தத் தேனைப் பெட்டியில் சேர்ப்பது இந்த ஈதான். அயினியில் வெட்டவெளியில் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ, இதைவிட உருவத்தில் பெரிது. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, அடைத்து வைத்தால் கூட்டத்தோடு எழுந்து போய்விடும். அந்த அலை மாதிரி அசைவு இருக்கிறதே, அது கடந்தல், அதாவது குளவி, மாதிரி எதிரி கிட்டே வந்தால் மிரட்டுவதற்காகச் செய்வது, உங்களைப் பார்த்து அல்ல.

பத்தாயம் சுலபம். உண்மையைச் சொன்னால் நீங்கள் காசு கொடுத்து ஒழிக்க நினைப்பதை நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். பெட்டி வைத்திருக்கிற யாரையாவது கூப்பிடுங்கள், உங்கள் பக்கத்தில் விளைக்கு ஓர் ஆள் கிடைப்பார். அவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன், பயம் போகும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வருவார். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையைப் பற்றவைத்து ஓட்டை வழியாகக் கொஞ்சம் புகை காட்டுவார். புகை பட்டதும் ஈக்கள் கூடு எரிகிறதென்று நினைத்து வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளும், வயிறு நிறைந்த ஈக்குக் கொட்ட அவ்வளவு மனசு வராது. அப்புறம் பத்தாயத்தின் மூடியைத் திறந்து அடைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்து எடுப்பார். தேன் மட்டும் இருக்கிற அடை தனி. முட்டையும் புழுவும் இருக்கிற அடையைப் பெட்டிச் சட்டத்துக்கு அளவாக வெட்டி வாழை நாரால் கட்டிவிடுவார், இரண்டு மூன்று நாளில் ஈக்களே மெழுகு வைத்து ஒட்டிவிட்டு நாரைக் கடித்துத் துப்பிவிடும்.

எல்லாம் ராணியில்தான் இருக்கிறது. மற்றவற்றைவிட நீளமாக, கருத்த வயிற்றோடு இருக்கும், வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும். அதைப் பிடித்து ராணிக் கூண்டில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. வாசலில் பத்துப் பதினைந்து ஈ வாலைத் தூக்கிச் சிறகடிக்கும், "இங்கேதான் வா" என்று வாசனை விடுகிறது. அதைப் பிடித்து மற்றவை எறும்பு சாரை போகிற மாதிரி நடந்தே உள்ளே போகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ராணி கிடைக்காமல் போனால்தான் வம்பு, அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி ஆனாலும் வீட்டுக்குப் போக முடியாது.

பெட்டியை எலி ஓட்டை இருந்த அதே இடத்தில் இருட்டுகிற வரை வைக்க வேண்டும், வெளியே போனதெல்லாம் திரும்பி வரட்டும். பிறகு வாசலை அடைத்து ராத்திரியே மூன்று கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டு போய்விட வேண்டும். பக்கத்து விளையில் வைத்தால் மறுநாள் பாதி ஈ பழைய இடத்துக்கே வந்து சுற்றிக்கொண்டு நிற்கும். கடைசியாகப் பத்தாயத்தின் உள்ளே மெழுகைச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஓட்டையை அடைத்துவிடுங்கள். அந்த வாசனை இருந்தால் அடுத்த ஐப்பசி கார்த்திகையில் வேறொரு கூட்டம் வந்து குடியேறும்.

மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். ஈ செத்த பிறகு அடையைக் காக்க ஆள் இல்லை. புழு அழுகும், தேன் உருகிப் பலகை இடுக்கில் ஒழுகும், எறும்பு வரும், மெழுகுப் புழு வரும், நாற்றம் ஒரு மாதத்துக்குப் போகாது. அதைவிடப் பெரிய கொடுமை, காவல் இல்லாத தேனைத் திருட சுற்று வட்டாரத்து ஈயெல்லாம் வரும், அந்த விஷத்தை வயிற்றில் சுமந்துகொண்டு அதனதன் பெட்டிக்குப் போகும். நீங்கள் ஒரு கூட்டுக்கு அடித்த மருந்தில் யாரோ ஒருவருக்கு ஐந்தாறு பெட்டி போகும்.

அயினி விஷயத்தைத் தொடாதீர்கள். அது விருந்தாளி. ரப்பர் தளிர்க்கிற சமயத்தில் மலையிலிருந்து இறங்கி வரும், எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குகிறதற்குள் பெரும்பாலும் அதுவாகவே கிளம்பிவிடும். இன்னும் இரண்டு மூன்று மாதம். நாற்பது அடி உயரத்தில் இருக்கிறது, நீங்கள் சீண்டாமல் அதுவும் சீண்டாது. சீண்டுவது என்றால் கல் எறிவது மட்டும் அல்ல, அடியில் சருகைக் கூட்டித் தீ வைப்பதும் அதுதான். ராத்திரி அந்தப் பக்கம் வெளிச்சம் காட்டாதீர்கள், மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில்கூட வேலைக்குப் போகிற ஜாதி, பல்பைத் தேடி வந்து விழும்.

பாறசாலைத் தமிழன்:

மேலே எழுதிய அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஆனால் விளையும் ஈயும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடியில் பெருந்தேன், அதாவது இதே மலைத்தேனீ, கூடு வைத்தது. மூன்று மாதம் அது பாட்டுக்கு இருந்தது. ஒரு விசேஷத்துக்குப் பந்தல் போட வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து, இதே மாதிரி பந்தம் கட்டிக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் உடனே ஓடிவிட்டார்கள். எரியாமல் தப்பியதெல்லாம் விடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அடையும் இல்லை ராணியும் இல்லை என்றதும், போகிற வருகிறவர்களை எல்லாம் கொட்டத் தொடங்கியது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், பால்காரர், கட்டிப் போட்டிருந்த ஒரு பசு. கட்டிப் போட்ட மாடு எங்கே ஓடும்? அந்தப் பசு பிழைக்கவில்லை. என் கொழுந்தியாளுக்கு முகத்தில் மட்டும் பதினாறு கொட்டு.

இதில் எனக்கு ஆறாத விஷயம், கீழே விழுந்த அடையிலிருந்து தேனைப் பிழிந்து குடித்தவர்களும் அந்த நாலு பேர்தான். மூன்று நாள் கழித்து மிச்சம் இருந்த கூட்டம் பக்கத்து மாடிக்குப் போய்த் தொங்கியது. ஆக, கூடு போகவில்லை, பத்து அடி நகர்ந்தது.

உயரத்தில் இருக்கும் மலைத்தேனீயை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பேச்சிப்பாறை மலைப்பக்கம் காணிக்காரப் பழங்குடியினரில் தேன் எடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். புகை காட்டி ஈயை ஒதுக்கிவிட்டுத் தேன் இருக்கிற பகுதியை மட்டும் அறுப்பார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இடமாக இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் சொல்லலாம், 101. ஆனால் அவர்களும் பல சமயம் தீயைத்தான் கையில் எடுக்கிறார்கள், முதலில் தேனீ வளர்ப்பவர் ஒருவரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

எல்லைச்சாவடி:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன், கோபப்பட வேண்டாம்.

தேனீ இல்லாவிட்டால் மனிதன் நாலே வருஷத்தில் அழிந்துவிடுவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸப்பில் வாரம் ஒரு தடவை வருகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. நம் மாவட்டத்தையே எடுங்கள். ரப்பர், ஒட்டுக் கன்று வைக்கிறோம், தேனீ வேண்டாம். வாழை, மட்டியோ செவ்வாழையோ, மகரந்தம் இல்லாமலே காய்க்கும். மரச்சீனி, அதாவது மரவள்ளி, கம்பை வெட்டி நடுகிறோம். நெல்லுக்குத் தேனீ தேவையே இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பயமுறுத்தல்? தேனீ வளர்ப்பவருக்குத் தேனீ முக்கியம், அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நாலு வயதுப் பிள்ளை ஓடி விளையாடுகிற வீட்டில் ஒரு கூடு முக்கியமா பிள்ளை முக்கியமா?

ரப்பர்விளை:

எல்லைச்சாவடி அண்ணாச்சி, கோபம் எல்லாம் இல்லை, நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன நாலு பயிரும் சரி. ரப்பருக்கு ஈ வேண்டாம், ஈக்குத்தான் ரப்பர் வேண்டும். ரப்பர்த் தேன் பூவில் வருவதுகூடக் கிடையாது, தளிர் இலையில் மூன்று இலைக்காம்பும் சேருகிற இடத்தில் சின்ன சுரப்பி இருக்கிறது, அதில் ஊறுவதுதான். நம் பகுதியில் மாசி பங்குனியில் பெட்டி நிறைவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் நீங்கள் விட்ட பட்டியலையும் பாருங்கள். தென்னையை எப்படி மறந்தீர்கள்? நெட்டைத் தென்னையில் ஒரு பாளை விரிந்தால் ஆண் பூ முதலில் பூத்து உதிர்ந்துவிடும், அதற்குப் பிறகுதான் அதே பாளையில் பெண் பூ பக்குவமாகும். அதனால் வேறு மரத்து மகரந்தம் வந்து சேர வேண்டும். காற்றும் கொண்டு வரும், ஈயும் கொண்டு வரும். பாவல், வெள்ளரி, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு பெண் பூ வேறு, மகரந்தம் பசை மாதிரி ஒட்டும், காற்றில் பறக்காது. ஈ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும், விழாமல் நின்றால் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பி இருக்கும். வீட்டுப் பந்தலில் கோணல் வெள்ளரிக்காய் பார்த்திருப்பீர்களே, பாதிக்குப் பாதி அந்தக் கதைதான். மலை ஏறினால் ஏலக்காய். ஏலப் பூ காலையில் விரிந்து ஒரு நாள்தான் இருக்கும், அதற்குள் ஈ வந்தால் காய், வராவிட்டால் உதிர்ந்துவிடும். இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்காரர்கள் பெட்டி வைப்பது தேனுக்காக மட்டும் அல்ல.

உலக அளவில் கணக்குப் பார்த்தவர்கள் சொல்வதும் உங்கள் கட்சிக்கும் என் கட்சிக்கும் நடுவில்தான் இருக்கிறது. முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் ஏறக்குறைய 75 சதவீதம் பூச்சி, பறவை, வௌவால் உதவியால் ஏதோ ஓர் அளவு பயன் பெறுகிறது, ஆனால் விளைகிற மொத்த எடையில் அவற்றின் பங்கு 35 சதவீதம்தான். பட்டினி கிடந்து சாக மாட்டோம். சோறும் மரச்சீனியும் இருக்கும், தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 1991-92இல் தாய் (தாய்லாந்து) சாக் ப்ரூட் என்ற தேனீ வைரஸ் வந்தது. புழு கூட்டறைக்குள்ளேயே தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்துக் கிடக்கும். நம் மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டியில் இருந்த கூட்டங்களில் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது, மிஞ்சியது நாலு. காலிப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு அவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போன வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்ப எப்படி ஆரம்பித்தோம் தெரியுமா? பாறை இடுக்கு, மரப் பொந்து, கிணற்றுச் சுவர், இடிந்த வீடு என்று தேடித் தேடிப் பிடித்தோம். நோயைத் தாக்குப் பிடித்தவை அங்கேதான் இருந்தன. நியூட்டன் பாதிரியார் திருச்சியில் பெட்டி செய்து காட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. மூலம் அதை ஊர் ஊராகக் கொண்டு போனார், எல்லாம் சரி, ஆனால் அந்த வருஷம் எங்களுக்குப் பெட்டி கை கொடுக்கவில்லை, பொந்துதான் கொடுத்தது. பத்தாயத்தில் இருப்பதைத் தம்பி தொல்லை என்கிறார், எங்களுக்கு அது விதை நெல்.

பிள்ளையா கூடா என்றால் பிள்ளைதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. கடந்தல் கூடு வீட்டு முகப்பில் இருந்தால் நானே ஆளை வைத்து அழிப்பேன். பிள்ளை ஓடுகிற இடத்திலிருந்து இந்தக் கூட்டை எடுக்கத்தான் சொல்கிறேன், கொல்ல வேண்டிய அவசியம் இங்கே இல்லை.

சிஸ்டர்_நெய்யாற்றின்கரை:

நான் அவசரப் பிரிவில் நர்ஸ். கூட்டை எடுக்கிற நாளுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஈ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், அதோடு சேர்ந்த விஷப் பையும் நின்று இன்னும் கொஞ்ச நேரம் விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் நகமோ ஏடிஎம் கார்டோ எது கையில் இருக்கிறதோ அதை வைத்து உடனே வழித்து எறிய வேண்டும், நல்ல கருவி தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கொட்டிய இடத்தில் ஒரு வாசனை வரும், பழுத்த வாழைப்பழம் மாதிரி. மற்ற ஈக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்ற அழைப்பு. அங்கேயே நின்று கையை வீசினால் இன்னும் வரும். முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதிப்பது சினிமாவில்தான், தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு தடவுகிறார்கள், உள்ளே போன விஷத்தை அது ஒன்றும் செய்யாது. ஐஸ் வையுங்கள்.

அம்மாவுக்குக் கை வீங்கியது சாதாரணம், கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் வீங்குவது ஆபத்தான அலர்ஜி ஆகாது. ஆனால் கொட்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் 108. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையில் போட வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்ப்போம் என்று வைத்திருந்து தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அலர்ஜியே இல்லாதவர்களுக்கும் ஒரே நேரத்தில் நிறையக் கொட்டு விழுந்தால், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக விழுந்தாலும், ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும்.

அக்கா வரும்போது பிள்ளைக்கு முன்பு எப்போதாவது கொட்டி ஏதாவது ஆனதா என்று கேட்டு வையுங்கள்.

கருங்கல்காரன்:

சரி, பந்தம் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டு கரண்ட் மீட்டர் பெட்டியில் கொசு அளவுக்கு ஒரு ஈ, மெழுகுக் குழாய் மாதிரி வாசல் கட்டியிருக்கிறது. அதையும் கேட்டுவிடுகிறேன்.

ரப்பர்விளை:

அது சிறுதேன், கொசுத்தேனீ என்பார்கள். அதற்குக் கொடுக்கே கிடையாது, பயப்பட ஒன்றும் இல்லை. கரண்ட்காரருக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் இருக்கட்டும். வேண்டும் என்றால் மூங்கில் குழாய்க்கோ சின்ன மரப்பெட்டிக்கோ மாற்றலாம், ஆனால் மீட்டர் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள், ஈக்காக அல்ல, கரண்டுக்காக. வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் தேனீ ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சிறுதேன் பற்றி அங்கே கேட்டால் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

மேல்புறத்துக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரப்பர்விளை அண்ணன் தனிச் செய்தியில் சொன்ன ஆள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். பைக்கில் ஒரு பெட்டி, ஒரு கத்தி, கொஞ்சம் வாழை நார், அவ்வளவுதான். கையுறை இல்லை. கேட்டதற்கு, கையுறை போட்டால் ஈயை நசுக்குவது தெரியாது, நசுக்கினால்தான் கொட்டும் என்றார். மூடியைத் திறந்ததும் எனக்கு வாயே வரவில்லை. ஏழு அடை, வெள்ளை வெளேரென்று, தாத்தாவின் பழைய சாக்கு மேலே தோரணம் கட்டிய மாதிரி. அம்மை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். ராணி ஐந்தாவது அடையில் இருந்தது, கண்டுபிடித்தது வந்த ஆள் அல்ல, அப்பா! எனக்கு ஒரு கொட்டு, காதில். சிஸ்டர் சொன்ன வாழைப்பழ வாசனை உண்மையாகவே வருகிறது.

ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டியைக் கொண்டு போய்விட்டார். காசு வாங்கவில்லை. தேன் இரண்டு பாட்டில் தேறியது, ஒன்றை எங்களிடமே கொடுத்தார்.

அயினியை அப்படியே விட்டிருக்கிறோம். பின்பக்க பல்பைக் கழற்றியாயிற்று. ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பால்வெட்டுக்காரர் விடியற்காலம் நாலரை மணிக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு அந்த மரத்தின் அடியில்தான் போகிறார். அவரே சொன்னார், இரண்டு நாள் லைட்டில் வந்து மோதியதாம். இப்போது தெற்குப் பக்கமாகச் சுற்றிப் போகிறார், அந்த வரிசையைக் கடைசியாக, வெளுத்த பிறகு வெட்டுகிறார். பக்கத்து விளை மாமாவிடம் மழைவரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சரி என்றார், வீட்டில் இருந்த தேனில் ஒரு டம்ளர் கொடுத்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

இப்போது புதுக் கேள்வி. அப்பா அந்த ஆளிடம் போன் போட்டு, கூட்டம் நிலைத்ததும் ஒரு பெட்டியை எங்கள் விளையில் வைக்கத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, கிணற்றுக்கு அந்தப் பக்கம், வாசல் கிழக்கே பார்த்து, நடைவழிக்கு எதிர்ப்புறமாக. அக்கா பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பெட்டி வரும், ஆனால் அப்பா இப்போதே கம்பு நட்டு, எறும்பு ஏறாமல் இருக்க நடுவில் தகரக் கிண்ணம் வைத்துத் தண்ணீரும் ஊற்றிவிட்டார். தினமும் காலையில் போய்த் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறாராம், பெட்டியே இல்லாத கம்புக்கு. மழைக்காலத்தில் ஈக்குச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்கிறார்கள், எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

ரப்பர்விளை:

சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொதிக்க வைத்து ஆறவிட்டு. ஒரு சிரட்டை அளவு, வாரம் ஒரு தடவை, ஆனி ஆடி முழுவதும். இருட்டுகிற நேரத்தில் பெட்டிக்குள்ளே வையுங்கள், மிதப்புக்கு இரண்டு சுள்ளி போடுங்கள், இல்லாவிட்டால் முங்கிச் செத்துப் போகும். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் வேறு கூட்டம் கொள்ளைக்கு வந்துவிடும். கறுப்பட்டி மட்டும் கரைத்துவிடாதீர்கள், ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கிண்ணத்துத் தண்ணீரில் கொசு முட்டையிடும், இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.